ஓடும் சேற்றின் மேல்தோலை லேசரால் அளப்பது

சோதனை வாய்க்காலின் கதவு திறந்ததும், நனைந்த மணலும் சரளையுமாக 10 கன மீட்டர் கலவை 31 டிகிரிச் சரிவில் இறங்குகிறது. 80 மீட்டரைத் தாண்ட அதற்குச் சுமார் பத்து நொடி போதும். பக்கத்தில் முக்காலி மேல் நிற்கும் சர்வே லேசர் ஸ்கேனருக்கோ அந்த நீளத்தை நல்ல நெருக்கத்தில் ஒரு சுற்று அளந்து முடிக்க மூன்று நிமிடமாவது வேண்டும். ஸ்கேனரின் தலை பாதி திரும்புவதற்குள் கீழே எல்லாம் முடிந்து, சேறு தளத்தில் பரவி, ஓரத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்திருக்கும்.

சோதனை நிலச்சரிவுகளை லேசரால் அளக்கப் போகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய கணக்கு இது. லேசர் ஸ்கேனிங் என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, பாய்வுக்கு முன்னும் பின்னும் அசையாமல் கிடக்கும் பரப்பை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. மற்றொன்று, பாய்ந்து போகும்போதே ஒரு கோட்டிலோ ஒரு புள்ளியிலோ உயரத்தை நொடிக்குப் பல முறை பிடிப்பது. கருவி வேறு, பிழை வரும் இடம் வேறு, திருத்தும் முறையும் வேறு. முதலாவதன் துல்லியத்தை இரண்டாவதிடம் எதிர்பார்ப்பதும், இரண்டாவதன் வேகத்தை முதலாவதிடம் எதிர்பார்ப்பதும்தான் பெரும்பாலான சோதனைகள் வீணாகக் காரணம்.

பெயர் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் எல்லாமே நிலச்சரிவு, இலங்கையில் மண்சரிவு. மலைச்சரிவில் ஒரு துண்டு மண் நகர்ந்து நிற்பதும், அதே மண் தண்ணீரோடு குழைந்து கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு ஓடையில் பாய்வதும் ஒன்றில்லை. மலையாளத்தார் பின்னதற்கு உருள்பொட்டல் என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே கற்சேற்றுப் பாய்வு என்று சொல்லிக்கொள்வோம்.

இந்தச் சோதனைக்கென்றே கட்டப்பட்ட இடங்களில் பெரியது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், யூஜீன் நகருக்குக் கிழக்கே, எச்.ஜே. ஆண்ட்ரூஸ் சோதனைக் காட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 1991-இல் கட்டிய கான்கிரீட் வாய்க்கால். ஃப்ளூம் என்றே எல்லோரும் சொல்வார்கள். 95 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். பெரும்பகுதி 31 டிகிரிச் சரிவு. அடியில் மட்டமாகி ஒரு திறந்த கான்கிரீட் தளத்தில் போய் முடியும். தலைப்பில் 20 கன மீட்டர் வரை கலவையைக் கொட்டி இரும்புக் கதவைத் திறந்துவிடலாம். இல்லையென்றால் ஒரு தடுப்புச் சுவருக்குப் பின்னால் மண்ணைப் பரப்பி, தண்ணீர் விட்டு, அது தானாகச் சரியும்வரை காத்திருக்கலாம். வாய்க்காலின் தரையில் கருவிகளுக்காக 18 துளைகள் விட்டிருக்கிறார்கள். அடியில் எடையை அளக்கும் லோட் செல், நீரழுத்த உணரி. மேலே பாய்வின் உயரத்தை அளக்கும் லேசர். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் அளவீடு முழுமையாகும். லேசருக்குத் தெரிவது மேல்தோல் மட்டும்.

மேல்தோல் மட்டும் என்பதால் அதில் அலட்சியம் காட்ட முடியாது. அடித்தளத்தில் விழும் எடையையும் லேசர் தரும் ஆழத்தையும் வைத்துத்தான் பாய்வின் அடர்த்தியைக் கணக்கிடுகிறோம். உண்மையான ஆழம் 20 செ.மீ, அடர்த்தி கன மீட்டருக்கு 2000 கிலோ என்று வையுங்கள். முன்னால் தெறிக்கும் துளிகளைப் பரப்பென்று எண்ணி லேசர் 22 செ.மீ காட்டினால், கணக்கில் அடர்த்தி 1818 ஆகிவிடும். கல்லும் மணலும் நிறைந்த கலவை, காகிதத்தில் தண்ணீர் அதிகமான குழம்பாகிவிடுகிறது. அதன் மேல் கட்டும் கோட்பாடும் அப்படியே சாயும்.

முன்னும் பின்னும்: கழித்தல் கணக்கு

தளத்தில் படிந்த சேற்றின் கன அளவு வேண்டும். காலியான தளத்தை ஒரு முறை ஸ்கேன் செய்து, பாய்வு முடிந்தபின் இன்னொரு முறை செய்து, இரண்டையும் கழித்தால் முடிந்தது என்று தோன்றும். ஸ்கேனர் விளக்கத்தாளில் 5 மி.மீ துல்லியம் என்று போட்டிருக்கும். அந்த 5 மி.மீ எந்த வகை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படிவு 60 சதுர மீட்டர் பரப்பில் கிடக்கிறது, அதை 5 செ.மீ சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறோம் என்றால் மொத்தம் 24,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 5 மி.மீ பிழை தன்பாட்டுக்கு மேலும் கீழுமாக வந்தால், கூட்டும்போது பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு ஸ்கேனையும் சேர்த்தே கன அளவில் மிஞ்சும் பிழை 3 லிட்டருக்குள்தான். அதே 5 மி.மீ எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் வந்தால், அதாவது இரண்டாவது ஸ்கேன் முழுவதும் 5 மி.மீ மேலே ஏறி உட்கார்ந்திருந்தால், பிழை 300 லிட்டர். 10 கன மீட்டரில் 3 விழுக்காடு. ஒரே எண், நூறு மடங்கு வித்தியாசம். அதனால் இன்னும் நுட்பமான ஸ்கேனருக்குப் பணம் தேடுவதைவிட, இரண்டு ஸ்கேனையும் ஒரே ஆயத்தில், அதாவது இடத்தைக் குறிக்கும் ஒரே அளவுச் சட்டத்தில், உட்கார வைக்கும் அசையாத அடையாளங்களில் உழைப்பைப் போடுவது எவ்வளவோ மேல்.

அடையாளம் என்றால் கோள டார்கெட்டோ கறுப்பு வெள்ளைச் சதுரப் பலகையோ. குறைந்தது ஆறு வையுங்கள். மூன்று போதும் என்பது ஒன்றும் கெடாத நாளுக்கான கணக்கு. ஆறும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது, ஒரே உயரத்திலும் இருக்கக் கூடாது. படிவைச் சுற்றிலும் வளைத்து நிற்க வேண்டும். வாய்க்கால் சுவரில் ஒட்டுவது வசதி, ஆனால் கதவு திறக்கும்போது 20 டன் எடை நகர்கிறது, சுவர் அதிர்கிறது. அதில் ஒட்டிய டார்கெட் அசைந்ததா என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. தனியாக நிற்கும் கான்கிரீட்டில் போல்ட் அடித்து மாட்டுங்கள், அல்லது முக்கால் மீட்டர் கம்பியை இறுக அடித்து அதன் தலையில் வையுங்கள். டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் சர்வே கருவி) இருந்தால் காலையிலும் மாலையிலும் எல்லா டார்கெட்டையும் ஒரு முறை அளந்து ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

முக்காலி அடுத்த எதிரி. கால்களுக்கிடையே ஒரு மீட்டர் விரிவு இருக்கும் முக்காலியின் ஒரு கால், தண்ணீர் ஊறிய மண்ணில் 1 மி.மீ இறங்கினால் ஸ்கேனர் ஆயிரத்தில் ஒரு பங்கு சாயும். 20 மீட்டர் தள்ளி அது 20 மி.மீ. பல ஸ்கேனர்களில் சாய்வைத் தானே திருத்தும் உணரி உண்டு. ஆனால் அதை அணைத்து வைத்திருப்பதும், சாய்வு அதன் எல்லையைத் தாண்டிப் போவதும் அடிக்கடி நடக்கும். கான்கிரீட் துண்டு ஒன்றைப் பதித்து அதன் மேல் முக்காலியை நிறுத்தினால் இந்தத் தலைவலியே இல்லை. கருவியை இயக்கிய உடனே அளக்க ஆரம்பிப்பதும் தவறு. உள்ளே வெப்பம் நிலைக்க அரை மணி நேரம் விட்டு, அதற்குள் இரண்டு வெள்ளோட்ட ஸ்கேன் ஓட்டுங்கள்.

மென்பொருளில் ஒரு பொறி காத்திருக்கிறது. இரண்டு புள்ளித்திரள்களையும், அதாவது ஒவ்வொரு ஸ்கேனும் தரும் அளவுப் புள்ளிகளின் தொகுப்பையும், பொருத்த ஐ.சி.பி. என்ற பொத்தானை அழுத்தினால் கணினி தானாக நெருக்கி ஒட்டிவிடும். முழுத் திரளையும் கொடுத்து அழுத்தினால் படிவும் அதில் சேர்ந்துவிடும். கணினியின் வேலை வித்தியாசத்தைக் குறைப்பது. அளக்க வந்ததோ அந்த வித்தியாசத்தைத்தான். 15 செ.மீ தடிப்பான படிவு, காலித் தளத்தை நோக்கி இழுக்கப்பட்டு, அதற்கு ஈடாகச் சுற்றியுள்ள கான்கிரீட் சில மில்லிமீட்டர் கீழே போகும். படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சேறு தொடாத பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்து அவற்றைக் கொண்டு பொருத்த வேண்டும். வரும் மாற்றத்தைப் பிறகு முழுத் திரளுக்கும் கொடுக்க வேண்டும்.

கழித்துப் பார்க்க இலவச மென்பொருளான கிளவுட்கம்பேர் போதும். அதில் எம்3சி2 என்ற முறை, ஒவ்வோர் இடத்திலும் பரப்புக்குச் செங்குத்தான திசையில் தூரத்தை அளந்து, கூடவே அந்த இடத்தில் எவ்வளவு வரை நம்பலாம் என்றும் சொல்லும். சரளைப் பரப்பு கரடுமுரடு. ஒரு வட்டத்துக்குள் புள்ளிகளின் சிதறல் 8 மி.மீ, வட்டத்துக்கு 20 புள்ளி, பொருத்தப் பிழை 2 மி.மீ என்றால், 95 விழுக்காட்டு நம்பிக்கையில் அந்த எல்லை சுமார் 9 மி.மீ. அதற்குக் கீழே காட்டும் மாற்றம் எதையும் அரிப்பு என்றோ படிவு என்றோ எழுதக் கூடாது. ஆனால் கன அளவுக் கூட்டலில் அந்தச் சின்ன மதிப்புகளைத் தூக்கி எறியவும் கூடாது. எறிந்தால் மெல்லிய ஓரப் படிவு முழுவதும் காணாமல் போய், கன அளவு எப்போதும் குறைவாகவே வரும். படத்துக்கு ஒரு விதி, கூட்டலுக்கு வேறு விதி.

ஈரம்

காய்ந்த மணலில் ஒழுங்காக வேலை செய்த ஸ்கேனர் ஈரச் சேற்றில் ஓட்டை ஓட்டையாகப் படம் தரும். இரண்டு காரணம். நனைந்த மண் கறுத்துவிடும், ஒளி குறைவாகத் திரும்பும். அதிலும் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் கருவிகளுக்கு இது கூடுதல் அடி, ஏனென்றால் அந்த அலைநீளத்தைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கிவிடும். 905 நானோமீட்டர் கருவிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவற்றுக்கு வெயில் தொல்லை. இரண்டாவது, பரப்பில் தேங்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும். சாய்வாக விழும் கதிர் எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், கருவிக்குத் திரும்பாது. சில சமயம் அங்கிருந்து சுவரில் பட்டுத் திரும்பி வரும். அப்போது தளத்துக்கு அடியில் ஒரு பொய்ச் சுவர் முளைத்திருக்கும். படத்தில் தரைக்குக் கீழே ஏதாவது தெரிந்தால் முதலில் குட்டையைச் சந்தேகியுங்கள்.

மருந்து ஒன்றுதான்: உயரம். ஸ்கேனரைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் வைத்தால் 10 மீட்டர் தள்ளி கதிர் எட்டரை டிகிரி கோணத்தில்தான் பரப்பைத் தொடும், கிட்டத்தட்டத் தடவிக்கொண்டு போகும். 5 மீட்டர் உயரச் சாரத்தில் ஏற்றினால் அது 27 டிகிரி. திரும்பும் ஒளியும் கூடும், ஓரக்கரைகளுக்குப் பின்னால் விழும் மறைவும் குறையும். கற்சேற்றுப் பாய்வு நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் கரை கட்டி, முன்னால் மூக்கு மாதிரி தடித்து நிற்கும். அந்த மூக்கின் முன்பக்கத்தைப் பிடிக்காத ஸ்கேன் பாதி ஸ்கேன்தான். அதனால் நான்கு நிலைகளாவது வேண்டும்: இரண்டு பக்கம், முன்னே ஒன்று, வாய்க்கால் வாயிலிருந்து கீழ்நோக்கி ஒன்று.

நான்கு நிலைகளுக்குத் தலா மூன்று நிமிடம், இடம் மாற்ற ஐந்து நிமிடம் என்றால் அரை மணி. அதற்குள் படிவு சும்மா கிடக்காது. ஒரிகன் சோதனைகளில் தெளிவாகத் தெரிந்த ஒரு விஷயம்: பாய்வு நின்றபின்னும் நடுப்பகுதி நீரழுத்தத்தால் கிட்டத்தட்டக் குழம்பாகவே இருக்கிறது; அதைப் பிடித்து நிறுத்துவது ஓரத்திலும் மூக்கிலும் உள்ள சரளையின் உராய்வு. நடுவிலுள்ள நீர் வடிய வடிய மேல்பரப்பு தாழும். களிமண் பங்கு கூடினால் இன்னும் மெதுவாக, இன்னும் நீண்ட நேரம் தாழும். முதல் நிலையில் எடுத்ததும் நான்காவது நிலையில் எடுத்ததும் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இரட்டைத் தோலாகத் தெரிந்தால் ஸ்கேனரைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நேரத்தைக் குறித்து, கடைசியில் முதல் நிலைக்கே திரும்பிப் போய் இன்னொரு முறை எடுங்கள். அந்த இரண்டின் வித்தியாசம் தாழ்வின் அளவைக் கையில் கொடுத்துவிடும். மறுநாள் காலை எடுப்பது இன்னும் நல்லது.

கன அளவு கையில் வந்தபின், கொட்டிய 10 கன மீட்டரோடு அது பொருந்தவில்லை என்று கலங்குவார்கள். பொருந்தாது. கொட்டும்போது இருந்த துளை அளவு (மொத்தக் கன அளவில் வெற்றிடத்தின் பங்கு) வேறு, படிந்தபின் வேறு. ஒப்பிட வேண்டியது எடையை: படிவில் நாலைந்து இடத்தில் வளையம் இறக்கி மாதிரி எடுத்து, அடர்த்தியையும் ஈரத்தையும் பார்த்து, கன அளவை உலர்ந்த எடையாக மாற்ற வேண்டும். அப்போதும் குறையும். காரணம் வாய்க்காலுக்குள் இருக்கிறது. கதவுக்குக் கீழே 80 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் 5 மி.மீ சேறு ஒட்டிக்கொண்டால் அதுவே 0.8 கன மீட்டர். கண்ணுக்கு வெறும் அழுக்கு மாதிரித்தான் தெரியும். கொட்டியதில் 8 விழுக்காடு. இதை ஸ்கேனால் பிடிக்க முயலாதீர்கள், அது நம்பிக்கை எல்லைக்கு அடியில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரைச் சுரண்டி எடுத்து எடை போடுங்கள்.

சாய்வுக் குழப்பம்

சின்ன விஷயம்தான், ஆனால் ஆய்வேடுகளிலும் தப்பித்து வருகிறது. 31 டிகிரிச் சரிவில் நேர்க்குத்தாக அளந்த ஆழமும் தரைக்குச் செங்குத்தாக அளந்த ஆழமும் ஒன்றில்லை. குத்தாக 30 செ.மீ என்றால் செங்குத்தாக 25.7 செ.மீ. உயர வரைபடத்தைக் கழித்தால் வருவது குத்து ஆழம். அதை மேலிருந்து பார்க்கும் பரப்பால் பெருக்கினால் கன அளவு சரி. சரிவின் மேல் டேப் பிடித்து அளந்த பரப்பால் பெருக்கினால் 17 விழுக்காடு கூடும். புள்ளித்திரளை முதலிலேயே 31 டிகிரி சுழற்றி, வாய்க்காலின் நீளம், அகலம், தரைக்குச் செங்குத்து என்ற மூன்று அச்சுகளுக்கு மாற்றிவிட்டால் குழப்பமே வராது. தரை வழவழப்பாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரிகன் வாய்க்காலில் பிற்காலத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் புடைப்புகள் கொண்ட ஓடுகளைப் பதித்தார்கள். அப்படிப்பட்ட தரையில் காலி ஸ்கேன் 1 செ.மீ-க்கும் நெருக்கமான புள்ளிகளோடு இருந்தால்தான் கழித்தலுக்குப் பொருள் உண்டு.

பாயும்போதே பிடிப்பது

இங்கே வேண்டியது ஒரே தளத்தில் சுழன்று கோடு கோடாக அளக்கும் லேசர். தொழிற்சாலைகளில் பாதுகாப்புக்காகவும் கிடங்குகளில் வண்டி ஓட்டவும் வைப்பார்களே, அந்த வகை. வாய்க்காலின் குறுக்கே 3 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால், 2 மீட்டர் அகலம் அதன் பார்வையில் 37 டிகிரிக்குள் அடங்கும். மூன்றிலொரு டிகிரிக்கு ஒரு புள்ளி என்றால் அகலத்தில் 110 புள்ளி, ஒன்றுக்கொன்று ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். தாளில் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கருவிகளின் கதிர் பென்சில் முனை மாதிரி இருக்காது. 10 மில்லிரேடியன், அதாவது மீட்டருக்கு 1 செ.மீ, விரியும் கதிர் 3 மீட்டரில் 3 செ.மீ-க்கும் அகலமான புள்ளியாக விழும். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். விரலளவு சரளையைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது, மேல்பரப்பின் பொதுவான வடிவம்தான் கிடைக்கும். உயரத்துக்கு அது போதும்.

நொடிக்கு 50 சுற்று என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 10 மீட்டர் வேகப் பாய்வில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே 20 செ.மீ நழுவிப் போயிருக்கும். பாய்வின் தலை, அதாவது கல் சேர்ந்து தடித்து வரும் முன்பகுதி, நாலைந்து கோட்டில் கடந்துவிடும். தலையின் வடிவம் வேண்டுமென்றால் சுழலும் கருவி உதவாது; ஒரே புள்ளியை நொடிக்குப் பல நூறு முறை அளக்கும் நிலையான லேசரை அதன் பக்கத்திலேயே மாட்டுங்கள். ஒன்று அகலத்தைத் தரும், மற்றது நேரத்தைத் தரும். சுழற்சியின் உள்ளேயே பாய்வு நகர்வதைப் பற்றிக் கவலை வேண்டாம். 37 டிகிரியைக் கடக்க ஒரு சுற்றில் பத்திலொரு பங்கு நேரம், 2 மில்லிநொடி. அதற்குள் 2 செ.மீ-தான்.

தெறிப்புதான் இங்கே பெரிய சங்கடம். தலைக்கு முன்னால் கல்லும் துளியும் தனித்தனியாகத் துள்ளி வரும். அவற்றில் பட்ட கதிர் அரை மீட்டர் உயரப் பாய்வென்று சொல்லும். எல்லாவற்றையும் சராசரி எடுத்தால் பொய்யும் மெய்யும் கலந்துவிடும். ஒவ்வொரு கோட்டிலும் பக்கத்துப் புள்ளிகளை ஒரு சின்னச் சாளரமாக எடுத்து, கீழிருந்து கால்பங்கில் வரும் மதிப்பை வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம்: துள்ளுவது எப்போதும் மேலேதான் இருக்கும். ஆனால் ஒளி திரும்பாத புள்ளிகளுக்குச் சில கருவிகள் பூஜ்யம் போடும், சில மிகப்பெரிய தூரத்தைப் போடும். அவற்றை முன்கூட்டியே களையாவிட்டால், பெரிய தூரம் என்பது வாய்க்கால் தரைக்கும் கீழே போய் அந்தக் கால்பங்கைக் கெடுத்துவிடும். தரைக்கு 2 செ.மீ-க்கும் கீழே எது வந்தாலும் வெட்டுங்கள். லேசரின் கண்ணாடியில் சேறு தெறிக்காமல் இருக்க, கருவியைப் பாய்வு வரும் திசைக்கு முதுகு காட்டும் ஒரு தகரக் கூரைக்குள் வையுங்கள். ஒரே ஒரு துளி போதும், அந்தக் கோணம் அந்தச் சோதனை முழுக்கக் குருடு.

கருவி தொங்கும் சட்டமும் ஆடும். பல டன் எடை இறங்கும்போது ஆடாத சட்டம் கிடையாது. இதற்கு மலிவான, நிச்சயமான வழி ஒன்று உண்டு. லேசர் கோடு வாய்க்காலோடு நிற்காமல் இரண்டு பக்கச் சுவர்களின் தலைப்பையும் கடந்து போகும்படி மாட்டுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் அந்த இரண்டு சுவர் உச்சிகள் பதிவாகும். சட்டம் 4 மி.மீ எழும்பினால் சுவர்களும் சேர்ந்து 4 மி.மீ இறங்கியதாகக் காட்டும், கழித்துவிடலாம். சாய்ந்தால் இடது சுவரும் வலது சுவரும் எதிரெதிராகப் போகும், அதையும் திருத்தலாம். சுவர் உச்சியில் சேறு வழிந்து படியாமல் இருந்தால் சரி. படிந்தால் அந்தக் கணத்துக்குப் பிறகு அது அளவுகோலாக உதவாது. ஓர் அடி உயரத்தில் தனித் தகட்டை முட்டுக்கொடுத்து வைத்துவிடுவது உத்தமம்.

நேரம் பொருத்துவதில் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். லேசரின் கடிகாரம் தனி, லோட் செல் பதிவுக் கருவியின் கடிகாரம் தனி. வலைக்கம்பி வழியாக வரும் தரவு கணினியில் வரிசையில் நின்று, வந்து சேர்ந்த நேரமே பதிவாகும். 100 மில்லிநொடி தாமதம் என்றால் 10 மீட்டர் வேகத்தில் ஒரு மீட்டர் பிசகு. தலை இன்னும் வராத இடத்தில் எடை ஏறியதாகக் காட்டும். அதை வைத்து நீரழுத்தம் பற்றிப் பெரிய முடிவெல்லாம் எழுதிவிடலாம். ஒரே மின்துடிப்பை எல்லாக் கருவிக்கும் அனுப்பும் வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால், லேசர் கோட்டுக்கு நேர் கீழே உள்ள லோட் செல் தகட்டின் மேல் ஒரு மணல் மூட்டையைப் போடுங்கள். மூட்டை விழுவது லேசரில் தெரியும், அடி லோட் செல்லில் தெரியும். பாய்வுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. இரண்டு முறையும் இடைவெளி ஒன்றாக இருந்தால் கடிகாரம் நகரவில்லை. வேறாக இருந்தால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும்.

வேகம் அளக்க இரண்டு லேசர் கோடுகளைச் சற்றுத் தள்ளி மாட்டி, அலை வடிவம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வர எடுக்கும் நேரத்தைப் பார்ப்பார்கள். 2 மீட்டர் இடைவெளியில் 10 மீட்டர் வேகப் பாய்வு 200 மில்லிநொடியில் கடந்துவிடும். 50 சுற்றுக் கருவியின் ஒரு கோடு 20 மில்லிநொடி, ஆக வேகத்தில் 10 விழுக்காடு பிழை. இடைவெளியை 6 மீட்டராக்கினால் பிழை 3 விழுக்காடுதான், ஆனால் அதற்குள் பரப்பின் வடிவமே மாறி, எதை எதோடு பொருத்துவது என்று தெரியாமல் போகும். தலைக்குப் பின்னால் எழும் அலைகள் பாய்வைவிட வேகமாக ஓடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அங்கே அளப்பது அலையின் வேகத்தை. சேற்றின் வேகம் வேறு.

இயற்கை ஓடையில் இதை இன்னும் நன்றாகச் செய்ய வழி பிறந்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் உள்ள இல்கிராபன் ஓடை ஆண்டுதோறும் பாய்வதால் ஆய்வாளர்களின் செல்லப்பிள்ளை. அங்கே ஓடைக்கு மேலே முப்பரிமாண லைடாரை (லேசரால் தூரம் அளக்கும் கருவி) மாட்டி, நொடிக்கு 10 முழுப் படங்கள் எடுக்கிறார்கள். 2021 செப்டம்பர் 19 அன்று வந்த பாய்வில் இப்படி மிதந்து வந்த கற்களையும் மரத்துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர முடிந்தது. வாய்க்காலில் இதே கருவிகள் அவ்வளவு பயன்படுவதில்லை. 3 செ.மீ பிழை, ஆறடி உயரப் பாய்வில் ஒன்றுமில்லை, 20 செ.மீ பாய்வில் ஏழிலொரு பங்கு.

மெதுவான சரிவு

வேகப் பாய்வுதான் கடினம், மெதுவாக நகரும் மண்ணைச் சுலபமாக ஸ்கேன் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரிகனில் நடந்த சோதனை ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் ரிச்சர்ட் ஐவர்சன் குழு 2000-இல் வெளியிட்டது. ஒரே மணற்பாங்கான மண். ஒரு முறை பொலபொலவென்று, துளை அளவு 0.5, இன்னொரு முறை இறுக்கி, 0.4. தண்ணீர் ஏற்றியதும் பொலபொல மண் சுருங்கி, நீரழுத்தம் ஏறி, ஒரே நொடிக்குள் நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் வேகமெடுத்தது. இறுகிய மண் விரிந்து, நீரை உறிஞ்சி, தன்னைத்தானே பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு நகர்ந்தது. சராசரி நொடிக்கு 0.002 மீட்டர்.

2 மி.மீ. கண்ணுக்கு நிற்பது போலவே இருக்கும். மூன்று நிமிட ஸ்கேனில் அது 36 செ.மீ. ஸ்கேனர் இடமிருந்து வலமாகத் திரும்பியிருந்தால் மண்ணின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட 36 செ.மீ கீழே போய்விட்ட மாதிரி முறுக்கிய படம் கிடைக்கும். பார்க்கிறவர்கள் மண் சுழன்று இறங்கியது என்று விளக்கமும் எழுதிவிடுவார்கள். பார்வைக் கோணத்தைக் குறுக்கி, புள்ளி நெருக்கத்தை விட்டுக்கொடுத்து, ஒரு ஸ்கேனை 10 நொடிக்குள் கொண்டு வந்தால் 2 செ.மீ ஆகும், தாங்கலாம்.

இன்னொரு நுட்பம் இங்கே இருக்கிறது. 65 செ.மீ தடிப்பான மண்ணின் துளை அளவு 0.50-இலிருந்து 0.48 ஆனால் மேல்பரப்பு 2.5 செ.மீ தாழும். 0.40-இலிருந்து 0.41 ஆனால் 1 செ.மீ எழும்பும். அதாவது உள்ளே மண் சுருங்குகிறதா விரிகிறதா என்ற கேள்விக்கே மேல்பரப்பு லேசர் பதில் சொல்லக்கூடும். ஆனால் லேசர் பார்ப்பது ஓர் இடத்தை, அந்த இடத்தின் வழியே மண் நகர்கிறது. மேட்டுப் பகுதி ஒன்று வழுக்கி வந்தால் பரப்பு எழும்பியது போலவே காட்டும். அதனால் மண்ணின் மேல் ஏழெட்டுச் சின்னப் பந்துகளைக் கம்பியில் குத்தி நட்டு, அவற்றின் நகர்வைத் தொடர வேண்டும். பந்தின் பாதையில் சரிவோடு போனதைக் கழித்தபின் மிஞ்சும் ஏற்ற இறக்கம்தான் உண்மையான சுருக்கமும் விரிவும். கம்பி 10 செ.மீ-ஆவது உள்ளே போகட்டும். தண்ணீர் தெளிக்கும்போது மேல்மண் கரைந்து சாயும் பந்து, மண் நகராமலேயே நகரும்.

கல்லூரிச் சோதனைக்கூடத்தில்

30 செ.மீ அகல அக்ரிலிக் வாய்க்காலுக்கு லட்சக்கணக்கில் ஸ்கேனர் தேவையில்லை. ஒரு கோடு லேசரும் ஒரு நல்ல கேமராவும் போதும். லேசர் கோட்டை நேர் மேலிருந்து குறுக்கே விழச்செய்து, கேமராவை 45 டிகிரி சாய்த்துப் பாருங்கள். பரப்பு 1 மி.மீ உயர்ந்தால், தரையில் அளந்தால் கோடு 1 மி.மீ நகர்ந்தது போலத் தெரியும். படத்தில் 40 செ.மீ அகலம் 1280 புள்ளிகளில் விழுந்தால் ஒரு புள்ளி 0.3 மி.மீ. ஆனால் படம் எடுக்கும் நேரத்தைப் பாருங்கள்: 2 மீட்டர் வேகத்தில் 2 மில்லிநொடி திறந்திருந்தாலே 4 மி.மீ நகர்ந்து கோடு தடித்துவிடும். அரை மில்லிநொடிக்குக் குறைத்து, அறை விளக்கை அணைத்து, லேசரின் நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியை லென்ஸில் மாட்டுங்கள். கலவையில் கலங்கல் நீர் மேலே நின்றால் பச்சை லேசர் கொஞ்சம் உள்ளே இறங்கிப் பரவி, பரப்பைத் தாழ்த்திக் காட்டும். ஒரு சிட்டிகை வெள்ளைச் சுண்ணாம்பு மாவு கலந்தால் சரியாகும். ஆனால் கலவையின் பிசுபிசுப்பு மாறாத அளவுக்கு மட்டும். அளவீடு சரிதானா என்று பார்க்க, தெரிந்த தடிப்புள்ள மூன்று மரப்பலகைகளை நனைத்து வையுங்கள். காய்ந்த பலகையில் பார்த்த திருத்தம் ஈரத்தில் பொருந்தாது.

கடைசியாக, பெரும்பாலானோர் எடுக்காத ஸ்கேன் ஒன்று. படிவையெல்லாம் வாரி, தளத்தைக் கழுவி, காய்ந்தபின் காலித் தளத்தை மூன்றாம் முறை ஸ்கேன் செய்யுங்கள், அதே நிலைகளிலிருந்து, அதே டார்கெட்டுகளோடு. முதல் ஸ்கேனிலிருந்து இதைக் கழித்தால் எங்கும் பூஜ்யம் வர வேண்டும். வராது. 2 மி.மீ ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அல்லது வாரும் இயந்திரத்தின் வாளி கீறிய தடம் தெரியும், அல்லது ஒரு டார்கெட் அசைந்திருப்பது புலப்படும். அந்தக் கழித்தலில் என்ன மிஞ்சுகிறதோ அதை 60 சதுர மீட்டரால் பெருக்கி, கன அளவுக்குப் பக்கத்தில் பிழை என்று எழுதுங்கள். விளக்கத்தாளில் உள்ள 5 மி.மீ-ஐ அங்கே எழுத வேண்டாம்.